பாதிப் பொறுப்பு

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரில் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய கிளிஃபோர்ட் ரான்ஸ்பி, எழுபத்தெட்டு வயதில் மனைவியைக் கொன்ற வழக்கில் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தார்.

மனைவி ஈனிடுக்கு நினைவு தப்பி ஆறு வருடம் ஆகியிருந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர்தான். கடைசி வருடம் முழுக்க, யாரோ திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று அவரைப் பார்த்தே அலறினாள். மார்ச் மாதத்து ஒரு பிற்பகலில் அந்த அலறல் ஓயவேயில்லை. தலையணையை எடுத்தார். பிறகு தானே காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துப் படியில் உட்கார்ந்தார்.

இரண்டு தரப்பு மனநல மருத்துவர்களும் ஒன்றையே எழுதினார்கள்: கடுமையான மனச்சோர்வு நோய், யோசித்து முடிவெடுக்கும் சக்தியும் தன்னை அடக்கும் சக்தியும் பெருமளவு குன்றியிருந்தன. கொலை என்பதற்குப் பதில் அதற்குக் கீழான குற்றத்தை ஒப்புக்கொண்டால் அரசுத் தரப்பு ஏற்கும், ஆயுள் தண்டனை வராது என்றார் வக்கீல் திருமதி தாக்ரே.

"எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லம்மா. செஞ்சது நான்தான். குடுக்கிறதைக் குடுக்கட்டும்" என்றார் கிளிஃபோர்ட்.

பைத்தியம் என்றோ நிரபராதி என்றோ சட்டம் சொல்லவில்லை, பொறுப்பு குறைந்திருந்தது என்றுதான் சொல்கிறது என்று வக்கீல் விளக்கிப் பார்த்தார். கிளிஃபோர்டுக்கு வாதாடத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

ஏழு மாதம் எட்டிப் பார்க்காத மகள் கில்லியன் அடுத்த வாரம் வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"செத்தது எங்கம்மா. அதனால உங்களைக் காப்பாத்த வரல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னைக்கு நீங்க நீங்களா இருந்தீங்களா?"



"என்ன கிழமைன்னு போலீஸ்காரர் கேட்டாரு. தெரியல. பொண்ணு பேரு என்னன்னு உன் பேரைக் கேட்டாரு. அதுவும் வரல."

"அப்ப அதை கோர்ட்ல சொல்லுங்கப்பா. நீங்க சொல்லலன்னா, தெளிஞ்ச புத்தியோட அம்மாவைக் கொன்னீங்கன்னு நான் சாகுற வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருக்கணும்."

நீதிமன்றத்தில் அவர் அந்தக் கீழான குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்து, சிறைக்குப் போகாமல் வெளியே கண்காணிப்பில் இருக்கும்படி அதை நிறுத்தி வைத்தார். ஈனிடின் தம்பி யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். கில்லியன் அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

"கோவம் போயிடுச்சாம்மா?" என்று காரில் கேட்டார்.

"இல்ல. பெல்ட்டைப் போடுங்க."

இப்போது வியாழக்கிழமைதோறும் கண்காணிப்பு அதிகாரியிடம் அவரை அவள்தான் கொண்டுபோய் விடுகிறாள். வழியில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். சில வாரங்களில் அதுவும் இல்லை.