மாடி வீட்டுச் சந்திப்பு

போதகர் காது கொடுத்துக் கேட்பதில் கெட்டிக்காரர். இதை ஒப்புக்கொள்ள அவர் மனைவிக்கு நாக்கு கசக்கும், ஆனாலும் உண்மை உண்மைதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், டயர் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் பதினொரு பேரும் ஒன்பது நாற்காலியுமாகத் தொடங்கிய சபை, இன்றைக்கு இருநூறு குடும்பம். பிரசங்கத்தால் சேர்ந்த கூட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் பிரசங்கம் பாதி தாண்டுவதற்குள் முன்வரிசையே கொட்டாவி விடும். எல்லாம் வீட்டுச் சந்திப்பால் வந்தது.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஆலயத்தின் பின்வாசலில் ஒரு மரப்பெட்டி. போதகர் வீட்டுக்கு வரவேண்டும் என்று நினைப்பவர்கள் சீட்டில் விலாசம் எழுதிப் போட்டால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. மூன்று நாளைக்குள் வாசலில் வந்து நிற்பார். செல்போனை அணைத்துவிட்டு, எதிரே இருப்பவரைவிடக் கொஞ்சம் தாழ்வாக ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் வேதாகமத்தைத் திறக்க மாட்டார், புத்தி சொல்ல மாட்டார், மணி பார்க்க மாட்டார்.

தச்சரும் அவர் தம்பியும் ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். ஆலயத்து ஜன்னலைச் சரிசெய்ய இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லி, ஆடுகிற ஏணி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போதகர் நழுவிவிட்டார். ஒருவர் ஏற வேண்டுமானால் மற்றவர் பிடித்தாக வேண்டும். மத்தியானத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. தையற்காரியின் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே இறந்தபோது, ஆறுதல் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாசம், செவ்வாய் தவறாமல் போய் அவள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

பாத்திரம் தேய்த்த கதையை ஊரே உருகி உருகிப் பேசியது. சொந்த வீட்டில் டீ குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்? ஆலயத்துக்கு மேலே இருந்த மாடி வீட்டில் அவர் மனைவி அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே அந்தப் புகழையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சபைக்கெல்லாம் அவள் 'அம்மா'. எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று அவரைவிட அவளுக்குத்தான் நினைவிருக்கும். அவர் படி இறங்கும்போது, அந்த பஸ் டிரைவருக்கு இடது காதுதான் கேட்கும், அந்தப் பக்கமாக உட்காருங்கள் என்று எடுத்துக் கொடுப்பாள். வெளியே போகிற புண்ணியத்தில் பாதி அவள் சமையலறையில் தயாரானதுதான்.

மழை தொடங்கிய சமயத்தில் அவள் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள், தனியாகவே சோதனை முடிவை வாங்கினாள். நல்ல முடிவு இல்லை. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். ஒரே மகள் வெளியூரில் நிறைமாசமாக இருந்தாள். அவளைப் பதற வைக்க இவளுக்கு மனசு வரவில்லை. இவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வியாழக்கிழமை அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை போன் வந்தது. இரண்டாம் தடவை யாரோ வாசலில் நின்று "ஐயா" என்றார்கள். மூன்றாம் தடவை அவர் செருப்பை மாட்டிக்கொண்டே "ம்… ம்" என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், குடை எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவள் பின்வாசலுக்குப் போனாள். ஒரு சீட்டை எடுத்து, 'ஆலயத்து மாடி வீடு' என்று எழுதிப் பெட்டியில் போட்டாள். பக்தியோடு ஒன்றும் போடவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் போட்டாள்.

திங்கட்கிழமை சீட்டுகளைப் பிரித்தவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையெழுத்து தெரியாத மனிதரா? சாப்பிட்டார், போனார், வந்தார், படுத்தார். செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேதாகமத்தோடு அவர் நின்றார். செல்போனை அணைத்தார். சமையலறையிலிருந்து முக்காலியைத் தானே எடுத்துவந்து போட்டுக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது.

ஒரு மணி நேரம் பேசினாள். கட்டியைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. பார்வை அவள் முகத்தை விட்டு அசையவில்லை. பேசப் பேச நெஞ்சு லேசானது. ஊராருக்கு இத்தனை வருஷமாகக் கிடைத்தது இதுதானா, இதற்கு நான் சீட்டுப் போட வேண்டியிருந்ததா என்று கோபமும் கூடவே பொங்கியது.

எந்த வீட்டிலும் எழுந்திருக்கும் முன் அவர் கடைசியாக ஒன்று கேட்பார். வாய்ப்பழக்கம், இங்கேயும் அப்படியே வந்துவிட்டது.

"வீட்ல உங்கள பாத்துக்க யாரு இருக்காங்க?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"யாரும் இல்லீங்க ஐயா" என்றாள்.

அவர் கண் கலங்கிவிட்டது. பாசாங்கு இல்லை, நிஜமாகவே கலங்கினார். வியாழக்கிழமை நான் கூட வருகிறேன் என்ற வார்த்தை இதோ வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை அந்த பஸ் டிரைவருக்கு கண்புரை எடுக்கிறாங்க. கூட இருக்கேன்னு வாக்கு குடுத்துட்டேன். பாவம், அவருக்குன்னு யாருமே கிடையாது. உனக்கு சபையே இருக்கே."

சொல்லிவிட்டு போனை உயிர்ப்பித்தார். அரை மணி நேரத்தில் எல்லா ஏற்பாடும் முடிந்தது. காலையில் தையற்காரி, மத்தியானம் தச்சரின் மனைவி, சாயங்காலம் பள்ளிக்கூட டீச்சர். இந்த மாதிரி வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வியாழக்கிழமை விடியும்போதே தையற்காரி பிளாஸ்கும் போர்வையுமாக வந்துவிட்டாள். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லாமல் ஆறுதல் தருவதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தக் கை இதமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்காரர் வரவில்லையா என்று நர்ஸ் கேட்டாள். ஐயாவுக்கு வேறொரு சந்திப்பு இருக்கிறது என்று தையற்காரி கள்ளமில்லாமல் சொல்லி, ஆபரேஷனுக்கான ஃபாரத்தை வாங்கி நிரப்ப ஆரம்பித்தாள். கூட வந்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அதற்கு அடுத்த கட்டத்தில், நோயாளிக்கு என்ன உறவு என்ற கேள்வியில் பேனா நின்றது.

"இங்க என்னம்மா எழுத?"

அம்மா ஏற்கனவே பச்சை கவுன் மாட்டி, வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள்.

"சபைன்னு எழுது" என்றாள்.

தையற்காரி முகம் மலர்ந்து, அதை முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்.