பருவுக்குத் தேயிலை மருந்து

போன சனிக்கிழமை பதுளை பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை என் முகத்தைப் பார்த்து வீல் என்று அலறியது. குழந்தை எதைப் பார்த்து அழுகிறது என்று அதன் அம்மா திரும்பினாள். அவளும் என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

அழகில் நான் எப்போதுமே சுமார்தான் — வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அலறுகிற அளவுக்குப் போனதில்லை. அன்றைக்கு மட்டும் என் இடது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஊதா! நல்ல பளபளப்பான ஊதா!

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்...

என் மகன் பாலுவுக்குப் பதினாறு வயது. பதுளையில் படிக்கிறான். போன வருஷம் வரை முகம் வழவழவென்று இருந்தது. திடீரென்று நெற்றியில் ஒன்று... மூக்கு நுனியில் ஒன்று... பிறகு பார்த்தால் கன்னம் முழுக்கக் குடியேற்றம்! போதாததற்கு, காலையில் கழுவிய முகம் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் வடை சுற்றிய தாளைப் போல மினுங்குகிறது.

இந்தச் சமயம் பார்த்தா பேச்சுப் போட்டி வர வேண்டும்? பதுளையில், பெரிய மண்டபத்தில். தலைப்பு — ‘விஞ்ஞானம் வரமா, சாபமா?’ பாலு ‘வரம்’ என்ற கட்சி. அவன் பேசினால் நான்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அப்படியொரு பேச்சு! ஆனால் பெண்கள் பாடசாலையும் வருகிறது, அவர்களுக்குத்தான் முன்வரிசை என்று தெரிந்ததும் பேச்சாளர் படுத்துவிட்டார்.

“நான் போகலப்பா.”

“ஏன்டா?”

“என் மூஞ்சியப் பாருங்க.”

பார்த்தேன். “ஒண்ணும் தெரியலயே” என்றேன்.

“பொய் சொல்லாதீங்கப்பா” என்றவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம். அதற்குள் பருவை விரட்டியே தீருவது என்று களத்தில் இறங்கினேன்.

முதல் வைத்தியம் என் மனைவி சரசுவுடையது. “எல்லாம் உடம்புச் சூடுங்க. நல்லெண்ணெய் வச்சு முழுகினா ஓடிப் போயிரும்” என்றாள். எண்ணெய் வழிகிற முகத்துக்கு இன்னும் எண்ணெய்! பையன் முழுகினான். பரு ஓடவில்லை. சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தது.

பதுளை கடைவீதிக்குப் போனேன். ஒருவர் ஸ்நோ கிரீம் தடவச் சொன்னார். அடுத்தவர் கந்தக சோப் என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழம். சலூன்காரர் படிகாரக் கட்டியையே எடுத்து நீட்டினார். எதை விடுவது, எதை எடுப்பது? எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினேன். பையன் ஒரு பார்வை பார்த்தான்.

“மொதல்ல நீங்க பூசிக் காட்டுங்க.”

பூசினேன்! ஸ்நோ போட்ட அன்று ஆபீஸில் எல்லோரும் எனக்கு இரத்த சோகையா என்று கேட்டார்கள். படிகாரம் போட்ட அன்று முகம் இழுத்துப் பிடித்துக்கொண்டது — சிரிக்க முடியவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை! பரு இல்லாத முகத்தில் பரு மருந்தைச் சோதித்துப் பார்த்த விஞ்ஞானி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பையன் எதையும் தொடவில்லை. போட்டியோ நெருங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை, மாரிமுத்துக் கங்காணி ஆபீஸுக்கு வந்தார். (நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் என்பதைப் புது வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) கையில் ஒரு கொழுந்து.

“மேல் மலையிலயும் பிளிஸ்டர் வந்திருச்சுங்கய்யா.”

தேயிலைக்கு வருகிற கொப்புள நோய். இலையை வாங்கிப் பார்த்தேன். வட்ட வட்டமாக, மேடு மேடாக, மினுமினுவென்று... அட, இது என் மகன் கன்னம் அல்லவா!

“இதுக்கு என்ன செய்வீங்க கங்காணி?”

“செம்பு மருந்து அடிப்போங்க. கொப்புளமெல்லாம் காஞ்சு உதிர்ந்திரும்.”

காய்ந்து உதிர்ந்துவிடும்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொழும்பில் இருக்கிற பெரிய பெரிய டாக்டர்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது! கங்காணி அந்தப் பக்கம் போனதும் ஸ்டோருக்குள் நுழைந்தேன். அந்தச் செம்பு மருந்தில் ஒரு சிட்டிகை, பச்சைத் தூள். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த எலுமிச்சம் சாற்றில் குழைத்தேன். முதலில் எனக்குத்தானே? இடது கன்னத்தில் பூசிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

முதலில் குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் சுருக்கென்றது. அப்புறம்... கன்னத்தில் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள்!

ஓடினேன். தோட்டத்து மருந்துச்சாலை கீழ்ப்பக்கம். வழியில் அதே கங்காணி, மருந்தடிக்கிற ஆட்களோடு. என் பச்சைக் கன்னத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“கிளாக்கரய்யாவுக்கும் அடிச்சாச்சா? பார்த்துங்கய்யா... மழை பேஞ்சா திரும்ப அடிக்கணும்!”

அத்தனை பேரும் முதுகுச் சுமையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

எங்கள் மருந்துச்சாலை டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால்தான் அதிகம் பேசுவார். அன்று நிறையப் பேசினார்.

“உமக்கு என்ன விசரே? தேயிலைக்கு அடிக்கிறதை ஆரேன் முகத்திலை பூசுவினமே? அதோடை எலுமிச்சம் புளி வேறை!”

“பையனுக்குப் பருங்க. அதான்...”

“பரு பெடியனுக்கு. முகம் உம்மடை. அதென்ன கணக்கு?”

தண்ணீர் விட்டுக் கழுவு கழுவென்று கழுவினார். தோல் வெந்து உரிந்திருந்தது. ஊதா மருந்துப் போத்தலைத் திறந்து கன்னம் முழுக்கத் தடவினார்.

“இது எப்போங்க போகும்?”

“போகேக்கை போகும்.”

பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். “இலையிலை வாறது பூஞ்சணம் காணும். பெடியனுக்கு வாறது வயசு. சாதாரண சோப்பாலை காலமை, பின்னேரம் முகத்தைக் கழுவட்டும். இரவிலை கந்தக லோஷன், மெல்லிசா. காந்தினா நிப்பாட்டவேணும். பகலிலை கலமைன். தலைக்கு வைக்கிற எண்ணெய் நெத்திக்கு வழியக் கூடாது. கிள்ளவும் கூடாது.”

“சனிக்கிழமைக்குள்ள மறைஞ்சிருமா?”

“மாதக்கணக்கிலை எடுக்கும்” என்று இரண்டு போத்தலை என் கையில் திணித்தார்.

தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தேன். வாசலில் பாலு. என்னைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்தினான். முடியவில்லை... தரையில் உட்கார்ந்து சிரித்தான். பல நாளாகச் சிரிக்காத பையன்! எனக்கு எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

“டேய், நான் இந்த மூஞ்சியோட டவுனுக்கு வர்றேன். நீ அந்த மூஞ்சியோட வரமாட்டியா?”

சிரிப்பு நின்றது. “நெசமாவா வருவீங்க?”

“வருவேன்.”

“சரி. ஆனா பஸ்ஸுல பக்கத்துல உக்காராதீங்க.”

அப்படித்தான் சனிக்கிழமை அந்தக் குழந்தை அலறியது.

மண்டபத்தில் பின்வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முன்வரிசையில் வெள்ளைச் சீருடைகள், ரிப்பன்கள். பாலுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினான். “அவைத் தலைவர் அவர்களே...” என்றான். அவ்வளவுதான். முன்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவன் வலக்கை மெல்ல உயர்ந்து கன்னத்தை மூடிக்கொண்டது.

என்ன செய்வேன்? தூணை விட்டு வெளியே வந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று நடுவழியில் நின்றேன்.

பாலு பார்த்தான். கன்னத்திலிருந்த கை இறங்கி நேராக என்னை நோக்கி நீண்டது.

“விஞ்ஞானம் வரமே! ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? தேயிலை மருந்தைக் கன்னத்தில் பூசிய விஞ்ஞானி அதோ நிற்கிறார். என் தகப்பனார்!”

மண்டபம் அதிர்ந்தது! மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் பெரிய மனிதரைப் போலக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகு பாருங்கள் — பையன் மழையாகக் கொட்டினான்! அந்தக் கை ஒருதரம்கூடக் கன்னத்துக்குப் போகவில்லை.

இரண்டாம் பரிசுதான். உதாரணத்தை நேரில் கூட்டிக்கொண்டு வருவது முறையல்ல என்று நடுவர் சொன்னாராம். வரும்போது பஸ்ஸில் பாலு என் பக்கத்திலேயே உட்கார்ந்தான்... அதுவும் ஊதாப் பக்கத்தில்.

ஆகவே, வயசுப் பையன்களைப் பெற்ற அப்பாக்களே — கந்தகமும் கலமைனும் பையனுக்கு. ஊதா உங்களுக்கு.