ஏழாம் நம்பர் மலையில் ஒரு மீசை வண்டு

அந்த வாரம் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே ஒரு போட்டி. விட்டில்களையும் வண்டுகளையும் படமெடுத்து, எங்கே கண்டோம் என்று எழுதி, போனிலேயே பதிய வேண்டும். ஞாயிறு மாலையோடு முடிவு. தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்டு பார்க்கிற எனக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் மஸ்கெலியாக்காரர் ஒருவர் பட்டியலில் என்னை ஒரே ஒரு பூச்சியால் முந்திக்கொண்டு நின்றார். அது எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

விட்டில்கள் சுலபம். ஷிப்டு முடிகிற நேரத்தில் ஃபேக்டரிச் சுவரில் விளக்கைச் சுற்றி அப்பியிருக்கும். காக்கைகள் வருவதற்குள் எடுத்துவிடலாம். வண்டுதான் கண்ணாமூச்சி காட்டியது. சனிக்கிழமை பகலில் ஏழாம் நம்பர் மலையில், பட்டுப்போன ஒரு சவுக்கு மரத்தில் கண்டேன். உடம்பைவிட நீளமான மீசை அதற்கு. அண்ணாந்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவது எடுக்கப் போனபோதுதான் மேல் கிளையைக் கவனித்தேன். கொழுந்துக் கூடை அளவுக்கு ஒரு குளவிக் கூடு.

மூச்சை அடக்கிக்கொண்டு பின்வாங்கினேன். என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். ஏற்கெனவே ஒருமுறை குளவி கொட்டி மூன்று நாள் வார்டில் கிடந்தாள். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டைக் கண்டால் உடனே கங்காணியிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் கூட்டை எரிக்கத் தீப்பந்தத்தோடு ஆட்கள் போவார்கள், மரத்தையே சாய்த்துவிடுவார்கள். என் படங்களோ இரண்டுமே கலங்கல்; போட்டியில் கணக்கில் எடுப்பார்களோ என்னவோ. மறுநாள் இன்னொன்று எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மலையில் யார் இருக்கப் போகிறார்கள், திங்கள் காலைப் பெரட்டில் ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புவதற்கு முன் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருக்கட்டும் என்று கலங்கிய படம் ஒன்றைப் பதிந்தும் வைத்தேன். ‘அருகில் வேறு என்ன கண்டீர்கள்?’ என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

ஞாயிறு காலை ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டில் அவள் இல்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அக்கா கைக்காசுக்குப் போயிருச்சுண்ணே. கொழுந்து முத்திப்போச்சுன்னு விடியக்காலைல திடீர்னு கூப்பிட்டாங்க. ஏழாம் நம்பர் மலை.”

லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில், பறித்த கொழுந்துக்கு அன்றே கையில் காசு தருகிற கைக்காசு வேலை என்று ஒன்று இருப்பதே என் புத்தியில் உறைக்கவில்லை. ஓடினேன். மலையடிக்கு வந்ததும் நின்றேன். ஓடினாலும் கத்தினாலும் கூடு கலையும். மேலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நிரையில் அவள்; சவுக்கு மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நாலு செடிதான்.

நடந்தே ஏறினேன். அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதட்டில் விரல் வைத்தேன், மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் நின்றவளின் முந்தானையை இழுத்தாள்; அவள் அடுத்தவளை. ஒருத்தியும் வாய் திறக்காமல் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியாக என் மனைவி. ஒரு குளவி வந்து அவள் நெற்றியில் கூடைக் கயிற்றின் மேல் உட்கார்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் செத்துப் பிழைத்தேன். அது கொஞ்சம் ஊர்ந்தது, பறந்து போனது.

கீழே ரோட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் பேச்சு வந்தது. “அண்ணே மட்டும் வரலைன்னா இன்னைக்கு எங்க கதி என்ன ஆகியிருக்கும்!” என்று ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி தன் போத்தலிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வெட்கமே இல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “அங்க கூடு இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

நான் சட்டையைக் கழற்றுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் மேசையிலிருந்த என் போனை எடுத்தாள். போட்டிக்குப் பதிந்த படம் திறந்தது. வண்டு வெறும் கலங்கலாக இருந்தது. அதற்குப் பின்னால் கூடு மட்டும், ஒவ்வொரு குளவியையும் எண்ணிவிடும்படி, தெளிவாக விழுந்திருந்தது. மேலே சனிக்கிழமையின் தேதி. அவள் விரலால் மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போய், ‘அருகில் வேறு என்ன’ என்ற அந்தக் காலிக் கட்டத்தில் நின்றாள்.

“இங்க ஏங்க ஒண்ணுமே எழுதல?” என்றாள்.