இரண்டு கை உப்பு

கறம்பக்குடிப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச இரண்டு பேர். முகம்மது சுல்தான் பண்டாரி, அதாவது தலைமைச் சமையல்காரன். ஹாஜா முகைதீன் அவனுக்கு எடுபிடி. ஒரே உஸ்தாதிடம் எட்டு வருஷம் அடி வாங்கிச் சமையல் படித்தவர்கள். அடியில் பாரபட்சம் இல்லை. கைமணம்தான் ஒருவனுக்குக் கூடிவிட்டது.

திருச்சிக் கல்யாணத்திலிருந்தெல்லாம் சுல்தானுக்கு ஆள் வரும். ஹாஜாவுக்கு உரிக்க வெங்காயம் வரும். "நம்ம சுல்தான்ல!" என்று ஊர் முன்னால் பெருமையும் அவன்தான் பேசுவான். வீட்டுக்கு வந்ததும் மனைவி நூர்நிஷாவின் குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பான்.

1957 நோன்பில், பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷேக் பரீது முதலாளி ஊருக்கு வந்தார். கடைக்கு ஒரு பண்டாரி வேண்டும்; கப்பல் செலவு அவருடையது.

"இன்னிக்கு நோன்பு தொறக்கப் பள்ளிவாசலுக்குத்தான் வாரேன். சுல்தான் கஞ்சியக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

நோன்பு வைத்தவன் உப்புப் பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. நோன்பு திறக்கும் மக்ரிபு பாங்கு சொல்லும்வரை பானையின் ருசி யாருக்கும் தெரியாது. சுல்தான் உப்புப் போட்டுவிட்டு அஸர் தொழப் போனான். ஹாஜா இன்னும் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினான்.

பாங்கு சொன்னார்கள். முதல் மடக்கிலேயே வரிசை முழுக்க முகம் கோணியது. முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். சுல்தான் பேர் நாறப்போகிறது என்று ஹாஜா தலைகுனிந்து காத்திருந்தான்.

"ஏன்டா ஹாஜா, கடல்தண்ணியவா மொண்டு ஊத்துன?" என்றார் ஜமாஅத் நாட்டாமை.

சுல்தான் ஹாஜாவை ஒருமுறை பார்த்தான். "அவன் இல்ல மாமு. நாந்தான் மறந்துபோயி ரெண்டாந்தடவ போட்டுட்டேன்."

"அட போப்பா! ஒன் கை தப்புமா? கூட்டாளிய விட்டுக் குடுக்க மாட்டேங்குற."

முதலாளிக்கு அந்தக் குணமும் பிடித்துப்போயிற்று. சுல்தானைப் பினாங்குக்கு அழைத்துப்போவதென்று அங்கேயே பேசி முடித்தார்.

ஊர் சொன்னது உண்மை. அதனால் 'அநியாயம்' என்று கத்தக்கூட ஹாஜாவுக்கு வழியில்லை.

சுல்தான் பஸ் ஏறும் நாளில் ஹாஜா கேட்டேவிட்டான்: "ஏன்டா அப்புடிச் சொன்ன?"

"பின்ன? எட்டு வருசம் ஒரே பாயில படுத்துருக்கோம். வாரேன் மச்சான்."

அவன் நாலு அறை விட்டிருந்தால் ஹாஜாவுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த நோன்புக்கு அகப்பை ஹாஜா கைக்கு வந்தது. முதல் நாளே நாட்டாமை அடுப்படியில் வந்து நின்றார்.

"காய்ச்சுறத நீ காய்ச்சு. உப்ப மட்டும் பாங்கு சொல்ற மோதினார் போட்டுக்கிடுவாரு."

"சரிங்க மாமு" என்று ஹாஜா ஒதுங்கி இடம் விட்டான்.