சைக்கிள் எங்களை முந்திப்போன சாயங்காலம்

என் நாத்தனாரும் நானும் ஏழு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். காரணம் ஒரு ஜாக்கெட். அவர் மகளின் வளைகாப்புக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன். அளவு எடுத்த நாளுக்கும் வளைகாப்புக்கும் நடுவில் அந்தப் பெண் உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டாள். கை இறுக்கிப் பிடித்தது. பந்தியில் எல்லார் முன்னாலும், "காசு வாங்கிக்கினு தைக்கிறவ இப்பிடியா தைப்பா?" என்று நாத்தனார் கேட்டார். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் புருஷனின் அக்காவுக்கும் அதே அழைப்புதான். ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. எதிரில் வந்தால் நான் செல்போனைப் பார்ப்பேன், அவர் வானத்தைப் பார்ப்பார்.

கார்த்திகை மாதம், தூறல் விழுந்த ஒரு சாயங்காலம். பாகூர் கடைத்தெருவில் கொக்கியும் லைனிங் துணியும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. நான் துணி வாங்கிய ஃபேன்ஸி ஸ்டோரை நடத்தும் பாய்கூடக் கடையை மூடிவிட்டார். அப்போது என் நாத்தனாரின் ஸ்கூட்டர் வந்து என் முன்னால் நின்றது. மகன் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த பெரிய ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நானும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஸ்கூட்டர் அவரிடம் வந்த நாளிலிருந்து இருபதைத் தாண்டியதில்லை. ஊர் எல்லையைத் தாண்டும்போது பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஃபேன்ஸி ஸ்டோர் பாய் சைக்கிளில் வந்தார். "வரேம்மா" என்று தலையாட்டிவிட்டு எங்களை முந்திப் போனார்.

அடுத்த வளைவில்தான் அந்த லாரி நின்றது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரி. பின் சக்கரம் பஞ்சராகி, பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்திவிட்டு டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார். விளக்கு எரியவில்லை. பின்னால் ஒரு கல்லோ மரக்கிளையோகூட வைக்கவில்லை. இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரையும் தொங்கிய கரும்புத் தோகை மூடியிருந்தது. எதிரில் ஒரு பஸ் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு போனது. அது போனதும் முன்னால் ஒரே இருட்டு. அந்த இருட்டுதான் லாரி என்று தெரிந்தபோது நாங்கள் அதில் மோதியிருந்தோம்.

ஸ்கூட்டர் சாய்ந்து, என் வலது கால் லாரியின் இரும்புச் சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நாத்தனாரின் ஹெல்மெட் பிளந்து போனது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது மணிக்கட்டு உடைந்தது. சத்தம் கேட்டு முதலில் திரும்பி வந்தவர் பாய்தான். சைக்கிளை ரோட்டில் குறுக்காகப் படுக்கவைத்து, செல்போன் டார்ச்சை வீசி வருகிற வண்டிகளை நிறுத்தினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவர்தான்.

ஆம்புலன்ஸில் என் நாத்தனார் வாயைத் திறந்தார்.

"ஏய், கண்ணத் தொறடி. நான் மெதுவாத்தான ஓட்டுனன்?"

"ரொம்ப மெதுவா அண்ணி."

ஏழு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். வலியில் உயிர் போனது, ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் எங்கள் இருவருக்கும் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

அரசு மருத்துவமனையில் எனக்கு முட்டிக்குக் கீழே கம்பி வைத்தார்கள். நாலாவது நாள், ஆப்பிள் பையோடு ஒருவர் வந்தார். லாரி ஓனருக்கு வேண்டியவர் என்று சொன்னார். மிகவும் மரியாதையாகப் பேசினார். செலவுக்கு ஏதோ கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். பக்கத்துப் படுக்கையில் மாவுக்கட்டோடு இருந்த என் நாத்தனார் நல்ல கையால் அதை வாங்கி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்.

"வேகமாக வந்து, நின்றிருந்த லாரியில் தாங்களாகவே மோதிக்கொண்டதாக... இன்னாயா இது? என் தம்பி பொண்டாட்டி தானாப் போய் லாரிக்குள்ள கால வுட்டாளா?"

"சும்மா ஒரு கையெழுத்தும்மா. கோர்ட்டுக்கு அலைஞ்சா வருஷக் கணக்காகும்."

"ஆவட்டும். எங்களுக்கு இன்னா அவசரம்? அவளும் நடக்க முடியாது, நானும் மாடு கறக்க முடியாது. நீ போயிட்டு வாய்யா."

அவர் போனார். ஆப்பிள் பையை நாத்தனார் திருப்பிக் கொடுக்கவில்லை. வார்டில் இருந்த எட்டுப் பேருக்கும் நறுக்கிக் கொடுக்கச் சொன்னார்.

வாக்கரில் நடக்கத் தொடங்கியதும் வில்லியனூரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். எங்கள் இருவரையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். எஃப்.ஐ.ஆர். நகலைப் படித்ததும் அவர் முகம் மாறியது. லாரி டிரைவர் கொடுத்த புகாரை வைத்துத்தான் அதைப் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டர் ஓட்டியவரின் அஜாக்கிரதை என்று இருந்தது.

அன்றைக்குத்தான் நாத்தனார் அழுது நான் பார்த்தேன். "அப்போ என் தப்புதானா? இவ கால நான்தான் ஒடைச்சேனா?"

"இருங்கக்கா. போலீஸ் கேஸ் வேற, நாம போடப்போறது வேற. இது விபத்து நஷ்டஈட்டுக் கேஸ். லாரி ஓனர் மேலயும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலயும் போடுவோம். எஃப்.ஐ.ஆர்.ல இருக்கிறதே முடிவு கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பில்லு, எதையும் தூக்கிப் போடாதீங்க. எவன் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடாதீங்க. ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டுடலாம்" என்றார். லாரியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் அவரே வாங்கினார். பின் விளக்கு எரியவில்லை, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிந்து நாலு மாதம் ஆகிறது என்று அதில் இருந்தது.

"பின்னாடி உக்காந்து வந்ததால உங்க மனுவுல பெரிசா சிக்கல் இல்லக்கா" என்று என்னிடம் சொன்னார். "ஆனா ஓட்டினது அவங்க. வேகமா வந்தாங்கன்னு நிரூபிச்சா அவங்க மனுவுல பாதி போயிடும். பார்த்த ஆள் யாராவது உண்டா?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "பாய்!"

பாய் முதலில் தயங்கினார். "கோர்ட்டெல்லாம் நமக்குப் பழக்கம் இல்லியேம்மா." கடையின் உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "நீங்களே அந்த லாரியில இடிச்சிருப்பீங்க. ஒரு முழம் தள்ளிப் போனதால வூடு வந்து சேந்தீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க." "என்னிக்கு வரணும்மா?" என்று பாய் கேட்டார்.

கேஸ் இரண்டு வருஷத்துக்குப் பக்கமாக நடந்தது. வாய்தா மேல் வாய்தா. கேட்கிறவர்கள் உச் கொட்டுவார்கள். எங்களுக்கோ வாய்தா நாள் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பாகூரில் டவுனுக்கு பஸ் ஏறுவோம். அரியாங்குப்பம் பாலம் வரும்போது நாத்தனார் ஜன்னல் பக்கத்துக்கு மாறிக்கொள்வார்; ஆற்றைப் பார்க்காவிட்டால் அவருக்குப் போன மாதிரியே இருக்காது. கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள், தேதி சொல்வார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு எதிர்க் கடையில் கீரை வடை, டீ. அதற்குப் பிறகு கடற்கரை. வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் கட்டைச் சுவரில் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் பேசுவோம். பதினாலு வருஷம் அந்தக் குடும்பத்தில் இருந்தும் அவருக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, என்றால் உயிர் என்பதும், கல்யாணத்துக்கு முன் கபடி ஆடியிருக்கிறார் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒருமுறை நீதிபதி விடுப்பில் போய்விட்டார். "நல்லதாப் போச்சு, நேரத்தோட பீச்சுக்குப் போலாம் வா" என்றார் நாத்தனார். வக்கீல் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

குறுக்கு விசாரணை அன்று என்னைத்தான் முதலில் ஏற்றினார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் வயதானவர், கறாரானவர்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட் தைப்பீங்க?"

"லைனிங் வெச்சதா, வெக்காததா சார்?"

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். லைனிங் வைத்தால் மூன்று, வைக்காவிட்டால் ஆறு என்று விளக்கினேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"சம்பவத்தன்னைக்கு உங்க நாத்தனார் அதிவேகமாக ஓட்டினாங்கன்னு சொல்றேன்."

"இல்ல சார். அவங்களுக்கு அது வராது."

"பின்னாடி உக்காந்திருந்த உங்களுக்கு வேகம் எப்படித் தெரியும்?"

"சைக்கிள்ல வந்த பாய் எங்களை முந்திக்கினு போனாரு சார்."

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அடுத்து பாய் ஏறினார். இஸ்திரி போட்ட புதுச் சட்டை, தொப்பி. அவரிடமும் அதையே கேட்டார்கள்.

"நீங்க முந்திப் போனது உண்மையா?"

"உண்மைதாங்க. எனக்கு அறுபத்திரண்டு வயசு. சைக்கிள்ல கேரியர் நெறைய சரக்கு வேற. நான் யாரையும் முந்தினதே கெடையாது. அந்த அம்மாவ மட்டுந்தான் முந்தியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லாரிக்கு லைட்டு இல்லீங்க. நான் முட்டப் பாத்தேன். கடைசி நிமிஷத்துல கால ஊனிட்டேன். எறங்கி நின்னு, பின்னால வர்றவங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது இன்னும் மனசுல இருக்குங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் வக்கீல் கட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "கோர்ட்டு முன்னாடி இன்னாடி இப்பிடி மானத்த வாங்கிட்ட? சைக்கிளு முந்துச்சாம்!" பிறகு பாயைப் பார்த்தார். "நீங்க நின்னு சொல்லியிருந்தாலும் நாங்க வந்து சேர்றதுக்குள்ள உங்களுக்குக் காலு வலிச்சிருக்கும் பாய். வுடுங்க, வந்து வடை சாப்புடுங்க." பாய் சிரித்தார். அன்றைக்கு எங்கள் மேசையில் மூன்று டீ.

தீர்ப்பு வந்தபோது, தப்பு முழுக்க லாரி மேல்தான் என்று இருந்தது. எஃப்.சி. இல்லாத வண்டிக்குத் தர முடியாது என்று கம்பெனி வாதாடியது எடுபடவில்லை; முதலில் நீங்கள் கொடுங்கள், பிறகு ஓனரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வக்கீல் அதைப் படித்துச் சொல்லச் சொல்ல, நாத்தனார் ஒரே வரியைத்தான் திரும்பக் கேட்டார்: "ஓட்டினவங்க மேல தப்பில்லன்னு எழுதியிருக்கா? எங்க, காட்டு." வக்கீல் விரல் வைத்துக் காட்டினார். அவர் அந்த வரியைச் செல்போனில் படம் எடுத்து, வளைகாப்புக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

என் கால் மெஷினை மிதிக்காது. கரண்ட் மெஷின் வாங்கினேன். முதலில் அது என்னை மீறி ஓடியது, இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. லைனிங் வைத்ததே நாலு முடிகிறது.

அடுத்த கரும்பு வெட்டுத் தொடங்கியபோது நாத்தனார்தான் சொன்னார்: "லாரிங்க இன்னும் அப்பிடியேதான்டி போவுது." பாய் தன் கடை மூலமாக, வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டையை மொத்தமாக வரவழைத்தார். நான் சிவப்புத் துணியில் அதை வைத்துத் தைத்து, நாலு மூலையிலும் நாடா கோத்தேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பாகூர் ரோட்டில் நின்று, கரும்பு லாரிகளை நிறுத்திப் பின்னால் கட்டிவிட்டோம். சில டிரைவர்கள் திட்டினார்கள். ஒருவர் இறங்கி வந்து கட்டியதை இழுத்துப் பார்த்தார்.

"யாருக்காகம்மா இது? போலீஸ் சொல்லிச்சா?"

"எங்களுக்குத்தான்யா. நாங்க இந்த ரோட்லதான் போவோம்" என்றார் நாத்தனார்.

டிரைவர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் காலை விந்தி நடந்ததையும் பார்த்திருக்க வேண்டும். பாரத்திலிருந்து இரண்டு கரும்பை உருவிக் கொடுத்துவிட்டு, "அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு கட்டுங்க" என்றார். கட்டினோம். லாரி கிளம்பிப் போகும்போது இரண்டு பட்டைகளும் சாய்ந்த வெயிலில் பளபளத்தன. சாலையோரம் நின்றபடியே கரும்பைக் கடித்தோம். முழங்கை வரை சாறு வழிந்தது. அதற்குள் தூரத்தில் அடுத்த லாரி தெரிந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நாத்தனார் ரோட்டை நோக்கிக் கையை நீட்டினார்.