சால்னா மதியத்தில் எங்கே போகிறாள்?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. மக்காச்சோள மண்டியில், மூட்டை எடை போடுகிற மெஷின் மேல் என் பூனையை நிற்கவைத்தேன்.

நிற்கவைத்தேன் என்பது பொய். உட்காரவைத்தேன். அவள் நிற்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஏழு கிலோ எண்ணூறில் நின்றன. மண்டி ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, போன மாசம் ஏழரை தானே? டயட்டுல இருக்குதுன்னு சொன்னீங்க... யாரு டயட்டுல இருக்கறது, நீங்களா?"

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சால்னா கொட்டாவி விட்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

சால்னாவைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிமலை பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு புரோட்டா கடை. கறித்துண்டும், சால்னாவில் ஊறின புரோட்டாவும் தின்று அங்கேயே வளர்ந்தவள். கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டு திருப்பூருக்குக் கிளம்பினார்கள். "இத மட்டும் நீங்க எடுத்துக்கினு போங்க சார்" என்றார் கடைக்கார அம்மா. என் மனைவி செல்வி என்னைக் கேட்கவே இல்லை. கூடையை வாங்கிக்கொண்டாள். மலை ரோட்டு வளைவு ஒவ்வொன்றிலும் கத்திக்கொண்டே கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தாள் சால்னா.

வந்த வாரமே கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மூச்சு வாங்குது பாருங்க. இப்படியே விட்டா மூட்டு தாங்காது, சர்க்கரை வந்துடும். எடையைக் குறைச்சே ஆகணும்."

சரி என்றேன்.

"ஆனா பட்டினி போட்டுடாதீங்க. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே ஈரல் கெட்டுப்போகும். உயிருக்கே ஆபத்து."

யோசித்துப் பாருங்கள்... என்னை மாதிரி ஆளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பி வருகிறவன் நான். இப்போது சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம்!

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிராம் கணக்கெல்லாம் எனக்கு வராது. செல்விதான் டீ கிளாஸில் அளவு பிடித்தாள். அவித்த கோழி, வேளைக்கு அரை கிளாஸ். ஒரு மாதம் அப்படியே நடந்தது. சால்னா ஒரு நாள்கூட இன்னும் கொஞ்சம் என்று காலைச் சுற்றவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கடைசியில், மண்டியில் முந்நூறு கிராம் ஏறிவிட்டது. எங்கிருந்து?

வீட்டுக்கு வந்ததும் செல்வியைக் கேட்டேன். "நீதானே எனக்குத் தெரியாம குடுக்கற?"

"ஆமா, உங்களுக்கு வெக்கறத கம்மி பண்ணி அதுக்கு ஊட்டிக்கினு இருக்கேன். போங்க... போய் வேலையப் பாருங்க."

அடுத்த சந்தேகம் - வயிற்றில் கட்டியோ? நீர் கோத்துக்கொண்டதோ? அன்றைக்கு முழுக்க அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டாள்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். பின்னாலேயே போவது.

மதியம் பன்னிரண்டரை. சால்னா எழுந்தாள், உடம்பை முறித்தாள், பின்கதவு வழியாகக் கிளம்பினாள். அவசரமே இல்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். ஓரமாகக் கிடந்த துணி துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து சுவருக்குத் தாவினாள். நான் கொடியில் காய்கிற புடவைக்குப் பின்னால் நின்றேன்.

சரோஜா அக்கா வாழை இலைத் துண்டோடு வந்தார். சோறு, பருப்பு, மேலே நெய். சுவரில் வைத்து "கா... கா..." என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கரண்டு கம்பியில் இருந்த காக்கா இலையைப் பார்த்தது. சால்னாவையும் பார்த்தது. வேண்டாம் என்று பறந்துவிட்டது.

இவள் சாப்பிட்டாள். இலையை நக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாடா, கட்டி இல்லை என்று நிம்மதி. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. போன வாரம் சரோஜா அக்கா செல்வியிடம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிறது. காக்காவுக்கு வைக்காமல் அக்கா ஒரு வாய் சாப்பிடுவதில்லை. "போற அன்னிக்கி காலையில ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினோம் செல்வி. கோவத்தோடயே போயிட்டாரோன்னு இருந்தேன். இப்ப பாரு, ஒரு பருக்கை மிச்சம் வெக்கறதில்ல. அவரு மனசு ஆறிடுச்சு."

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்ய? சொல்லாவிட்டால் பூனைக்கு ஆபத்து. சொன்னால்... "உங்க வூட்டுக்காரரு வரலக்கா, எங்க வூட்டுப் பூனைதான் வந்துச்சு" என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போனேன்.

"அக்கா... இந்தக் காக்காங்க எல்லாம்... மாடியில வெச்சா ஜாஸ்தி வரும்போல..."

அக்கா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பூனை விசயமா வந்தியா தம்பி?"

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"மொத நாளே தெரியும்."

"அப்ப செல்விகிட்ட சொன்னது..."

"அது தின்னுட்டு நேரா என் மூஞ்சியப் பாக்கும் பாரு, அவரு பாக்கறாப்பலயே இருக்கும். காக்கா ரூபத்துல வர்றவரு பூனை ரூபத்துல வரக்கூடாதா? நீ ஒரு நாள் வந்து, அக்கா அது வெறும் பூனைன்னு சொல்லிப்புடுவியோன்னுதான் எனக்கு பயம்."

ஆக, சுவருக்கு அந்தப் பக்கமும் என்னை மாதிரியே ஒருத்தர் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்!

"நெய் எதுக்குக்கா?"

"அவருக்கு நெய் இல்லாம எறங்காது."

டாக்டரம்மா சொன்னதை மெல்லச் சொன்னேன். மூச்சு வாங்குவதை, சர்க்கரை வரும் என்பதை. முறத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

"அவருக்கும் சக்கரை தான் தம்பி" என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவும் நான்தான் நெய்ய நிறுத்தல... அன்னிக்கி சண்டையே அதுக்குத்தான். நீயே ஊத்திட்டு, சக்கரை ஏறுதுன்னு அப்புறம் ஏண்டி அழுவறன்னு கேட்டாரு."

கீழே சிந்திக்கிடந்த அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் சுவரில் இலை இல்லை. சால்னா சுவரில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அக்காவின் குரல் மாடியிலிருந்து வந்தது. "இங்க வெச்சிருக்கேன் தம்பி. ஒரு நெல்லிக்கா அளவு, நெய் இல்லாம. வேணும்னா நடந்து வரட்டும். அவரையும் டாக்டரு நடக்கத்தான் சொன்னாரு, கேட்டாரா?"

பதினெட்டுப் படி. முதல் நாள் நான்காம் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு நின்றுவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஏறினேன். பின்னாலேயே ஏறிக்கொண்டிருக்கிறேன், இன்றுவரை. வீட்டில் அதே அரை கிளாஸ் கோழி, மாடியில் ஒரு நெல்லிக்காய்ச் சோறு. மிச்சம் வைத்தால் காக்காவுக்கு.

இந்தத் திங்கட்கிழமை மண்டியில் ஏழு கிலோ அறுநூறு. ஏழுமலை மெஷினைத் தட்டிப் பார்த்தார். "உங்களுக்கும் பேன்ட் தொளதொளன்னு இருக்குதேண்ணே?"

இப்போது சால்னா நடுவில் இரண்டே இடத்தில்தான் உட்காருகிறாள். அவள் உட்காரும்போதெல்லாம் அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க... மெதுவா வாங்க, அவசரமில்ல" என்கிறார்.

பூனையை யாராவது "வாங்க" என்று கூப்பிடுவார்களா?