வாழைக்குத் திருப்பிய தண்ணீர்

எழுபதுகளில், நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிக் கிடந்தது. அவர்கள் வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று நானே முடிவு கட்டி, பராமரிப்பு ஆபீஸ் புகார் நோட்டில் மூன்று முறை எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சையும் நிறுத்தினேன்.

ஆபீஸ் அனுப்பிய கம்மாபுரத்துக் கொத்தனார் வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே கொல்லைப்பக்கம் போனார். "இந்த வாழை யாருதுங்க சார்?"

என்னுடையதுதான். நான் ராமநாதபுரத்துக்காரன். இங்கே குழாயில் தண்ணீர் கொட்டினாலும், குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது போகும் வாய்க்காலை உடைத்து, அந்தப் பொதுச் சுவரோரம் வைத்த வாழைக்குத் திருப்பியிருந்தேன்.

"பாதிய செவுருதான் குடிச்சிகினு இருக்குதுங்க" என்றார்.

அன்றே வாய்க்காலை அடைத்தேன். வாழையை வேலியோரம் மாற்றினேன். கோடையில் சுவர் காய்ந்ததும், மன்னிப்புக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் அறையிலும் அதே முழங்கால் உயரத்துக்கு, அடித்த வெள்ளையையும் மீறிக் கறை தெரிந்தது.

"உங்க வாழைத் தண்ணின்னு அப்பவே தெரியும் சார்" என்றார். "நீங்க கோபக்காரர். அதான் நானே வெள்ளையடிச்சுக்கிட்டேன்."